வரலை என்றால் நல்ல சேதி

அந்த வீட்டில் "வந்துச்சா?" என்று கேட்டால், எது வந்தது என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். தண்ணீர், கரண்ட், தபால் இவற்றுக்கெல்லாம் முழு வாக்கியம் வேண்டும். வெறும் "வந்துச்சா?" என்றால் ஒன்றுதான். மகள் வேலை முடிந்து மாடியேறி வந்து, வாசலில் குனிந்து கனத்த பூட்ஸின் முடிச்சை அவிழ்க்கும்போது அப்பா சமையலறையிலிருந்து அதைக் கேட்பார். அவள் "வரலை" என்பாள். அதற்குப் பிறகுதான் அவர் அடுப்பைப் பற்றவைப்பார்.

வருவது அவளுடைய படபடப்பு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முதல்முறை வந்தது. யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல் இதயம் சட்டென்று ஓடத் தொடங்கும். பயத்தில் அடித்துக்கொள்வது வேறு, இது வேறு. பயத்துக்கு ஒரு காரணம் இருக்கும், ஏறி இறங்கும். இதற்குக் காரணம் கிடையாது, ஏற்றமும் கிடையாது. முதல் துடிப்பிலிருந்தே முழு வேகம். தொண்டைக்குழியில் ஒரு தவளை வந்து உட்கார்ந்து துடிப்பதுபோல் இருக்கும். பிறகு வந்ததைப் போலவே சட்டென்று நின்றுவிடும். நின்ற பிறகு சுற்றியுள்ள எல்லாம், நாற்காலி, ஜன்னல், எதிர்வீட்டுச் சுவர், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்போல் பளிச்சென்று தெரியும். அந்த நிமிடத்தை அவளுக்குப் பிடிக்கும். ஆனால் அதை அப்பாவிடம் சொன்னதில்லை.

அவள் பஸ் கம்பெனி ஒன்றில், பஸ்களுக்கு உடல் கட்டும் பட்டறையில் வெல்டர். அங்கே அவளுக்குப் பொறி என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பா அதே கம்பெனியின் பஸ்களை ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர். அம்மா போன பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். சமையல் அவர் பொறுப்பு, மாத்திரை டப்பாவும் அவர் பொறுப்பு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மாத்திரை இருந்தும் மாதத்துக்கு ஒருமுறையாவது அது வந்துகொண்டுதான் இருந்தது.

ஒருநாள் அது பஸ் கூரைமேல் வந்தது. அவள் கூரைத் தகட்டை முட்டி போட்டு உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருந்தாள். வந்ததும் ராடு மாட்டிய ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு, முகமூடியைக் கழற்றாமலே அப்படியே படுத்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடி வழியாக வானம் பச்சை இருட்டாகத் தெரிந்தது. கீழேயிருந்து ஃபோர்மேன் கத்தினார்.

"என்ன பொறி, மேல மெத்தை போட்டிருக்கா?"

பிறகு ஏணியில் ஏறிப் பார்த்தார். சாயங்காலம் கூப்பிட்டார்.

"வைத்தியம் பாத்துட்டு வா. அதுவரைக்கும் கூரை வேலை கெடையாது. பாக்க மாட்டேன்னா சொல்லு, ஸ்டோர்ல உக்காத்தி வைக்கிறேன்."

"ஸ்டோர்ல உக்கார்றதுக்கு நான் என்ன பூட்டா?"

"பூட்டு கீழ விழுந்தா சாகாதும்மா" என்றார் ஃபோர்மேன்.

இப்படித்தான் அவர்கள் அந்த டாக்டரிடம் போனார்கள். இதயத்தின் மின்சார வேலை மட்டும் பார்க்கிற டாக்டர். மேசைமேல் பிரித்துச் சேர்க்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக் இதயம் இருந்தது. அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டார்.

"இதயத்துல கரண்ட் மேலேர்ந்து கீழ போறதுக்கு எல்லாருக்கும் ஒரே ரோடு. உங்க பொண்ணுக்கு ரோட்டுக்குப் பக்கத்துல பொறந்ததுலேர்ந்து ஒரு சந்து இருக்கு. சில நேரம் கரண்ட் சந்து வழியா எறங்கி, ரோடு வழியா மேல ஏறி, மறுபடியும் சந்துக்குள்ள வந்துடுது. சுத்திச் சுத்தி ஓடுது."

"ரவுண்டானாவுல மாட்டுன பஸ் மாதிரி" என்றார் அப்பா.

"அதேதான். தொடைக்கிட்ட இருக்கிற ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு வயரை இதயம் வரைக்கும் விட்டு, அந்தச் சந்துல மட்டும் சூடு வச்சு அடைச்சிடுவோம்."

பொறி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கரண்ட்லயா சார் சூடு வைப்பீங்க?"

"ரேடியோ அலை மாதிரி ஒரு கரண்ட். ஷாக் அடிக்காது. முனை தொடுற எடம் மட்டும் சூடாகும்."

"எவ்வளவு?"

"அம்பது, அறுபது டிகிரி."

"அது டீ சூடு சார். அதுல எது ஒட்டும்?"

"ஒட்ட வேணாம். செத்தா போதும்" என்று சிரித்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். "அந்த எடத்துல கடுகளவு சதை செத்தா போதும்னேன்."

பிறகு அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். சந்தும் ரோடும் ரொம்பப் பக்கம். நூற்றில் ஒருவருக்கு ரோடும் சேர்ந்து கெட்டுப்போகலாம். அப்படி ஆனால் இதயத்தைத் துடிக்க வைக்கிற பேஸ்மேக்கரைத் தோளுக்குக் கீழே வைக்க வேண்டும்.

"வச்சா?"

"நல்லா இருக்கலாம். ஓடலாம், மலை ஏறலாம், கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெத்துக்கலாம்."

"வெல்டிங்?"

டாக்டர் பேனாவை மூடினார். "அது மட்டும் முடியாது. அந்த மிஷின்லேர்ந்து வர்ற அலை பேஸ்மேக்கரைக் கொழப்பிடும். பக்கத்துல போய் நிக்கக்கூட வேணாம்னுதான் சொல்லுவேன்."

பொறி தன் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே சிறு சிறு வெள்ளைப் புள்ளிகள், பொறி பட்டு ஆறியவை. வைத்தியம் பார்க்காவிட்டால் வேலை நிச்சயம் போகும். பார்த்தால் நூற்றில் ஒரு பங்கு போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"ரோட்டுப் பக்கத்துல வந்துட்டா விட்டுடுங்க சார்" என்றாள்.

"கண்டிப்பா. இன்னொண்ணு. உள்ள போனதும் அந்தப் படபடப்பை நாங்களே வரவழைப்போம். வந்தாத்தான் எடம் சரியாத் தெரியும். சூடு வச்சப்பறம் எவ்வளவு தூண்டினாலும் வரலைன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதனால அஞ்சு நாளைக்கு முன்னாடியே மாத்திரையை நிறுத்திடணும்."

அந்த நேரத்தில் அப்பா பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஒரு பாதியைத் திறந்தால் உள்ளே சிவப்பும் நீலமுமாக அறைகள். நூற்றில் ஒருவர் என்றால் எத்தனை பேர் என்று தன் வழக்கப்படி எண்ணிப் பார்த்தார். ஒரு பஸ்ஸுக்கு ஐம்பது சீட்டு. இரண்டு பஸ் நிறைய ஆட்கள், அதில் ஒருவர். தான் ஓட்டிய பஸ்ஸில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தார். மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பது காதில் விழுந்தது. ஏன் என்பது விழவில்லை.

மாத்திரையை நிறுத்திய இரண்டாம் நாள் அது வந்தது. பொறி குளியலறையில் இருந்தாள். கதவைத் திறந்து, ஈரத் தலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த வித்தைகளையெல்லாம் செய்தாள். மூச்சைப் பிடித்து முக்கினாள். பக்கெட் தண்ணீருக்குள் முகத்தை அழுத்திக்கொண்டாள். முன்பெல்லாம் இதில் ஒன்றுக்காவது நிற்கும். அன்று நிற்கவில்லை. அவள் கழுத்தில் அது துடிப்பது நிலைப்படியில் நின்ற அப்பாவுக்கே தெரிந்தது. உதடு வெளுத்துப்போயிற்று. அவர் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை அவள்மேல் போடுவதா, விசிறுவதா என்று தெரியாமல் நின்றார்.

"போப்பா, நீ நிக்கிறதைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அவள், பல்லைக் கடித்தபடி.

அவர் போகவில்லை. கடைசியில் அது நின்றபோது அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். அவருக்குச் சிரிக்க வரவில்லை.

மறுநாள் காலை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்து, பாதியை மட்டும் பொடித்து, அவளுடைய டீயில் கலந்தார். முழுசாகக் கொடுத்தால்தான் தப்பு, பாதி என்பது பாதி நிறுத்தியதுதானே என்று அவர் தனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தார். மலைப்பாதையில் பிரேக்கை ஒரேயடியாக விடுகிறவன் டிரைவரே இல்லை.

"டீ ஏன்பா கசக்குது?"

"தூள் மாத்தியிருக்கேன்."

"பழைய தூளே தேவலாம்."

ஆனாலும் குடித்தாள். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றும்போது அவர் கேட்டார். "வரலை" என்றாள். அவர் அடுப்பைப் பற்றவைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய இரவுவரை, காலையும் இரவும், அவர் விடவில்லை.

அந்த அறை குளிராக இருந்தது. பொறி குறுகலான மேசைமேல் மல்லாந்து கிடந்தாள். மேலே வளைந்து தொங்கிய எக்ஸ்ரே கை, யானையின் கால்போல் கனமாக, ஆனால் சத்தமில்லாமல் நகர்ந்தது. தொடையில் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். வயர்கள் உள்ளே போவது தெரியவில்லை, போனபின் அவை அங்கே இருப்பது மட்டும் எப்படியோ தெரிந்தது. டாக்டர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டெக்னீஷியனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"இப்ப கொஞ்சம் வேகமா அடிக்கும். நான்தான் ஓட்டறேன், பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

"எங்கப்பா டிரைவர் சார். சடன் பிரேக் மட்டும் போடாதீங்க."

இதயம் வேறொருவர் கட்டளைக்கு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஒவ்வொரு முறை நின்றதும் எல்லோரும் ஒரு கணம் காத்திருந்தார்கள்.

"வரலை சார்" என்றது கண்ணாடிக்குப் பின்னாலிருந்த குரல்.

கையில் ஏறிக்கொண்டிருந்த பாட்டிலில் ஒரு மருந்தைச் சேர்த்தார்கள். நாலு மாடி ஓடி ஏறியதுபோல் மார்பு அடித்துக்கொண்டது.

"இதுவா?"

"இது இல்ல சார். இது நான் ஓடறது. அது வந்தா, அது ஓடும்."

டாக்டர் சிரித்தார். திரும்பவும் தூண்டினார். திரும்பவும் குரல் வந்தது. "வரலை." பொறிக்கு வெட்கமாக இருந்தது. வீட்டிலிருந்து கடகடவென்று வந்த வண்டி, மெக்கானிக் முன்னால் நிறுத்தியதும் நல்ல பிள்ளையாக நிற்பது போல. எத்தனையோ வருடங்களாக வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை இன்று வா, வா என்று மனசுக்குள் கூப்பிட்டாள். பஸ் கூரைமேல் வந்தாயே, குளியலறையில் வந்தாயே, இப்போது வருவதற்கு என்ன?

"மாத்திரையை நிறுத்திட்டீங்கல்ல?"

"நிறுத்தியாச்சு சார்."

"நிச்சயமா?"

"டப்பா எங்கப்பாகிட்டதான் இருக்கு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

டாக்டர் தலையசைக்க, நர்ஸ் வெளியே போனாள்.

வெளியே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் அப்பா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வயதானவர் தன் மனைவிக்காகக் காத்திருந்தார். இருவரும் ஒருவர் கவலையை மற்றவர் அறிந்துகொள்ளும் அளவுக்குப் பேசி முடித்திருந்தார்கள். கதவு பாதி திறந்தது.

"வெல்டிங் பொண்ணோட அப்பா யாருங்க?"

அவர் எழுந்து ஓடினார். "என்னம்மா? எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க. ஆனா வரலை. எவ்வளவோ பாத்தாச்சு, வரவே இல்லை."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "வரலையா" என்றார். திரும்பிப் பெரியவரிடம் சொன்னார். "வரலையாம்."

"நல்லதுங்க" என்றார் பெரியவர்.

"இந்த நாலஞ்சு நாள்ல மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" என்றாள் நர்ஸ்.

எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில், சின்னத் தப்பு ஒன்றைச் சொல்லி இந்தப் பெண்ணிடம் திட்டு வாங்குவானேன் என்று அவருக்குத் தோன்றியது. மகள் காதுக்கும் போகும். டீயில் கலந்தாயா என்று வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பேச மாட்டாள். அதுதான் வரவில்லையே. வராதபோது மாத்திரையைப் பற்றி என்ன பேச்சு?

"இல்லம்மா. சொன்ன அன்னைக்கே நிறுத்தியாச்சு."

"சரிங்க." கதவு மூடிக்கொண்டது. பொய் சொன்னோம் என்ற உறுத்தல்கூட அவருக்கு இல்லை. பெரியவருக்கும் சேர்த்து டீ வாங்கப் போனார்.

உள்ளே டாக்டர் பொறியின் தலைமாட்டுக்கு வந்து குனிந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"வர மாட்டேங்குது. சிலருக்கு இப்படி ஆகும். ரெண்டு வழி இருக்கு. இன்னைக்கு இதோட முடிச்சிட்டு இன்னொரு நாள் பாக்கலாம். இல்லேன்னா, உங்க பழைய ஈசிஜி ரொம்பத் தெளிவா இருக்கு. இந்த வகைக்குச் சந்து வழக்கமா எங்க இருக்கும்னு தெரியும். அந்த எடத்துல சூடு வைக்கலாம். நாங்க இப்படியும் பண்றதுதான். நான் சொன்ன அந்த நூத்துல ஒண்ணு, அது ரெண்டுலயும் உண்டு."

"இன்னொரு நாள்னா மறுபடியும் மாத்திரை நிறுத்தணுமா?"

"ஆமா."

பொறி கண்ணை மூடினாள். குளியலறை நிலைப்படியில் துண்டோடு நின்ற உருவம் வந்தது. இன்னொரு முறை அவரை அப்படி நிறுத்தி வைக்க வேண்டாம்.

"வைங்க சார்" என்றாள்.

முதல் சூடு மார்புக்குள் எங்கோ ஒரு நாணயம் அளவுக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தது. மூச்சை ஆழமாக இழுக்கக் கூடாது, அசையக் கூடாது என்றார்கள். அது அவளுக்குப் பழக்கம்தான். தகடுகளின் நீளமான இணைப்பைப் பற்றவைக்கும்போது அவளும் மூச்சை அப்படித்தான் வைத்துக்கொள்வாள். இரண்டாவது சூடு. டாக்டரின் முணுமுணுப்பு பாட்டின் அடுத்த அடிக்குப் போனது. மூன்றாவது.

"சார்" என்றது கண்ணாடிக்குப் பின்னாலிருந்த குரல். உடனே மறுபடியும், "சார்."

"ஆஃப்" என்றார் டாக்டர்.

முணுமுணுப்பு நின்றது. பொறிக்கு ஒரு துடிப்பு கேட்டது. அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தாள். இரண்டுக்கும் நடுவே நீளமான ஒரு தாழ்வாரம் இருந்தது, அதில் விளக்கு எதுவும் இல்லை. லிஃப்ட் கீழே இறங்குவதுபோல் இருந்தது. பிறகு ஒரு துடிப்பு வந்தது. பிறகு இன்னொன்று. சீராக, ஒரே இடைவெளியில். அது தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"நீங்கதான் ஓட்டறீங்களா சார்?"

"ஆமாம்மா" என்றார் டாக்டர். அவர் மறுபடி பாடவில்லை.

சூடு ரோட்டிலும் பட்டிருந்தது. சில சமயம் வீக்கம் வடிந்ததும் ரோடு தானாகத் திரும்பி வரும் என்றார்கள். அதுவரைக்கும் ஒரு தற்காலிக வயர் அவளுடைய இதயத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அசையாமல் படுத்திருந்தாள். அப்பா ஒவ்வொரு காலையும் வார்டு வாசலில் டாக்டரை மறித்துக் கேட்டார்.

"வந்துச்சா?"

"வரலைங்க."

இரண்டாவது முறை அதைக் கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. அந்தச் சொல் அவர் கையிலேயே தலைகீழாகத் திரும்பியிருந்தது. அன்று கதவு இடுக்கில் நின்று நர்ஸ் சொன்னது இப்போதுதான், இவ்வளவு தாமதமாக, அவர் காதில் சரியாக விழுந்தது. அப்போது அது வந்திருக்க வேண்டும். வரட்டும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

பொறியின் இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்த மறுநாள், அப்பா டாக்டரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். நாற்காலியில் உட்காரவில்லை.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"பாதி. காலையில பாதி, ராத்திரி பாதி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அன்னைக்குச் சொல்லியிருந்தீங்கன்னா நான் அதோட நிறுத்தியிருப்பேன்."

"அப்ப இது நடந்திருக்காதா சார்?"

"தெரியலைங்க. இன்னொரு நாள் பண்ணியிருந்தா அது வந்திருக்கும். வந்தப்பறமும் நான் ஏறக்குறைய இதே எடத்துலதான் சூடு வச்சிருப்பேன். அப்பவும் இது நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம்."

"யாரைக் கேட்டா தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

அப்பா தலையாட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அவங்களுக்குத் தெரியணும்" என்றார் டாக்டர். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் சார்."

வார்டில் பொறி தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. யாரோ கம்பி பற்றவைத்தார்கள். நீல வெளிச்சம் சிமிட்டியது. அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு சொல்லி முடித்தார். அவள் திரும்பவில்லை.

"எதுலப்பா?"

"டீயில."

"தூள் மாத்தினேன்னு சொன்னியே."

"ஆமா."

"சரி, அதை விடு. பயந்து குடுத்துட்டே. நர்ஸ் வந்து கேட்டாங்களே, அப்ப?"

"இல்லேன்னுட்டேன்."

"ஏன்?"

அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வரலைன்னு சொன்னாங்க பாப்பா. வரலைன்னா நல்லதுதானேன்னு நெனச்சிட்டேன்."

பொறியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாது. அந்தச் சொல்லை அப்படிக் கேட்கக்கூடிய காது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அதைத் தினமும் சாயங்காலம் பூட்ஸ் முடிச்சை அவிழ்த்தபடி அப்படிப் பழக்கியவள் அவள்தான்.

"நீ வீட்டுக்குப் போப்பா. போய்த் தூங்கு" என்றாள். ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் நீலமாக விழுந்து விழுந்து மறைந்தது. வெறுங்கண்ணால் அதைப் பார்க்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்களுக்கு இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் தலை பின்ன முடியவில்லை. அவளுக்கு இடுப்புவரை முடி. சட்டை பட்டன் ஒரு கையால் போட்டுக்கொண்டாள், சோறு ஒரு கையால் தின்றாள். பின்னல் மட்டும் இரண்டு கை கேட்டது. முதல் நாள் காலை அப்பா தேங்காய் எண்ணெயும் சீப்பும் எடுத்துவந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வைத்தார். சின்ன வயதில், அம்மா போன புதிதில், அவர்தான் பின்னிவிட்டவர். கோணல் மாணலாக, பஸ் கூரைமேல் மூட்டைக்குக் கயிறு கட்டுவதுபோல் இறுக்கிப் பின்னுவார். பள்ளியில் சிரிப்பார்கள். அவள் அவிழ்த்ததில்லை.

பொறி சீப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். கீழ்வீட்டு அக்கா பின்னிவிட்டாள். அங்கிருந்து பேச்சுச் சத்தம் மேலே கேட்டது. ஒருமுறை சிரிப்புக்கூடக் கேட்டது. பிறகு தினமும் அப்படித்தான்.

மேலே அவர்கள் சண்டை போடவில்லை. "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்" என்றாள். "வலிக்குதா?" என்றால் "இல்ல" என்றாள். அவருக்கு அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரே ஒரு கேள்வியை வைத்து ஒரு வீட்டை நடத்தியிருந்தார். இனி அதற்கு வேலை இல்லை. படபடப்பு அதற்குப் பிறகு வரவே இல்லை. மூன்று சூடுகளில் ஏதோ ஒன்று சந்து வழியையும் சரியாகவே அடைத்திருந்தது.

தங்கைக்குப் பிரசவம் என்று கீழ்வீட்டு அக்கா வெளியூர் போனாள். அன்று காலை பொறி முடியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். அப்பா சமையலறையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார். அவள் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது கழுத்து தெரிய முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். காது இரண்டும் புதிதாக இருந்தன. பட்டறையில், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், வெட்டித் தொலை என்று எத்தனையோ பேர் சொல்லியும் கேட்காதவள். தொப்பிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தவள்.

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கம்மா வெட்டுனே?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடை."

"நான் பின்னிவிட்டிருப்பேனே."

"தெரியும்ப்பா."

அவள் உட்கார்ந்தாள். அவர் தட்டு வைத்தார். கொஞ்ச நேரம் தின்றுவிட்டு அவளாகவே பேசினாள்.

"ஃபோர்மேன் போன் பண்ணாரு. நாளைலேர்ந்து வரச் சொன்னாரு. ஸ்டோர்ல. மிஷின் எதுவும் அந்தப் பக்கம் இல்ல."

"சரிம்மா."

"ராடு எடுத்துக் குடுக்கணும். கையுறை எடுத்துக் குடுக்கணும். அவ்வளவுதான்."

அவர் தண்ணீர் ஊற்றினார். டம்ளர் நிரம்பி மேசையில் வழிந்தது. அதைத் துடைக்கப் போனவரின் கையைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"டாக்டர் தெரியாதுன்னுதானே சொன்னாரு?"

"ஆமா."

"யாருக்கும் தெரியாதுன்னாரா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"எனக்கும் தெரியலப்பா." அவள் தட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். "உன்னாலதான்னு யாராவது அடிச்சுச் சொன்னா, கத்தித் தீத்துட்டு விட்டுடுவேன். உன்னால இல்லேன்னு சொன்னாலும் சரி, உன் மடியில படுத்து அழுதுட்டு எந்திரிச்சிடுவேன். ரெண்டும் இல்லேன்னா நான் எதைப் பிடிச்சுக்கறது?"

அவர் துணியைப் பிழிந்தார். பிழிய அதில் தண்ணீர் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்தார். முடி இல்லாத அந்த முகம் மெலிந்து, கொஞ்சம் வயதானதாக, அவருக்கு அறிமுகமில்லாத யாரோ போல் இருந்தது.

"கஷ்டமா இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"கனமே இல்ல" என்றாள் அவள், பிடரியைத் தடவிக்கொண்டு. அவர் கேட்டது அதை இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலை பூட்ஸ் வாசலிலேயே இருந்தது. அவள் சாதாரணச் செருப்பு போட்டுக்கொண்டு போனாள். படியில் செருப்புச் சத்தம் இறங்கி மறைந்ததும் அப்பா ஜன்னலுக்கு வந்தார். தெருமுனை நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவர் ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பழக்கத்தில் அவர் கண் நீளப் பின்னலைத்தான் தேடியது; அப்படி எதுவும் இல்லை. இன்னும் வந்து சேரவில்லை போல என்று நினைத்துக் காத்திருந்தார். பஸ் வந்து மறைத்து நின்றது. அது புறப்பட்டபோது நிறுத்தம் காலியாக இருந்தது.